நிலக்கரியில் நைட்ரஜன் சல்லடை: துளையின் பரப்பா, துளையின் வாசலா?

2024 பிப்ரவரி 4, முற்பகல் (வாசகர் கேள்வி)

காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி வியாபாரம் செய்கிறோம். எங்கள் கரி, நீராவி ஏற்றித் துளைக்கரியாக்கும் ஆலைகளுக்குப் போகிறது. சென்ற வாரம் அருகிலுள்ள ஒரு நொறுக்குத்தீனி ஆலையில், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தின் டவரைத் திறந்து, உள்ளே இருந்த கறுப்புக் குச்சிகளைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினார்கள். அது நிலக்கரியில் செய்து வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். விலை எங்கள் சரக்கைவிடப் பல மடங்கு. தொட்டிக்கரியில் ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு கிடைக்கிறது. துளை கூடினால் பிரிப்பும் கூடத்தானே வேண்டும்? அந்த டவரில் எங்கள் துளைக்கரியை நிரப்பினால் என்ன குறைந்துவிடும்?

பிப்ரவரி 4, இரவு

நிரப்பினால் நைட்ரஜன் வராது. உள்ளே போன காற்றே ஏறக்குறைய அப்படியே மறுமுனையில் வெளியே வரும். இதை உங்கள் கரியின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் எடுப்பதற்கும், சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிப்பதற்கும் அதைவிட நல்ல சரக்கு குறைவு. அந்த வேலைகள் பரப்பைக் கேட்கின்றன. காற்றைப் பிரிக்கும் வேலை வாசலின் அளவைக் கேட்கிறது.

காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக்சிஜன் மூலக்கூறின் விட்டம் 3.46 ஆங்ஸ்ட்ராம் என்றும் நைட்ரஜனுக்கு 3.64 என்றும் அட்டவணைகளில் போட்டிருப்பார்கள். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரைக் கோடியாக வகுத்தால் வரும் ஒரு பங்கு. இரண்டு வாயுக்களுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பங்கில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. துளைக்கரியின் நுண்துளைகள் இவற்றைப்போல இரண்டு, மூன்று மடங்கு அகலமானவை என்பதால் இரண்டு வாயுக்களும் தட்டுத்தடையில்லாமல் நுழைந்து, ஏறத்தாழ ஒரே அளவில் ஒட்டிக்கொள்கின்றன. நைட்ரஜன் டவரில் இருக்கும் கறுப்புக் குச்சியில், அதாவது நிலக்கரிச் சல்லடையில், வாசல் அவ்வளவு நெருக்கமாக இறுக்கப்பட்டிருக்கிறது. ஆக்சிஜன் எளிதில் நுழைகிறது, நைட்ரஜன் திணறித் திணறி நுழைகிறது. வேகத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம்.

வேகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். போதிய நேரம் கொடுத்தால் நைட்ரஜனும் உள்ளே போய்விடும். அப்போது இந்தச் சல்லடைக்கும் உங்கள் கரிக்கும் பிரிப்பில் பெரிய வேறுபாடு இருக்காது. அதனால்தான் இயந்திரத்தில் இரண்டு டவர்கள். ஏழெட்டு பார் அழுத்தத்தில் காற்று ஒரு டவருக்குள் போகிறது; ஆக்சிஜன் குச்சிகளுக்குள் புகுந்துகொள்ள, நுழைய முடியாத நைட்ரஜன் மேலே வந்து தொட்டிக்குப் போகிறது; ஒரு நிமிடம் ஆனதும் வால்வுகள் மாறி முதல் டவரின் அழுத்தம் வெளியேற்றப்படுகிறது, அடுத்த டவர் வேலையை எடுத்துக்கொள்கிறது. சைலன்சர் வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை இரைச்சலோடு வெளியேறுவது ஆக்சிஜன் மிகுந்த காற்று. அந்த ஒரு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சல்லடையும் பயன் தராது.

பிப்ரவரி 5

நிலக்கரியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் இடம். இந்தச் சரக்கைத் தொழில் அளவில் கொண்டுவந்ததில் முன்னின்றது ஜெர்மனியின் ரூர் பகுதியில், எஸ்ஸன் நகரில் இருந்த பெர்க்பாவ் ஃபோர்ஷுங். அது சுரங்கத் தொழிலுக்கான ஆய்வு நிறுவனம்; ஹரால்ட் யூன்ட்கனும் அவருடைய குழுவினரும் 1970களில் இதை வளர்த்தெடுத்தார்கள். சுரங்கத்துக்காகவே நடந்த ஆய்வகம், எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியின் சந்தையைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே நிலக்கரியை எரிக்காமல் வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று தேடியது இயல்பு. ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம், எஸ்ஸனுக்குப் பக்கத்திலேயே பாட்ராப் நகரில், 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே பிறந்த தொழில்நுட்பம் இன்று நம் ஊர் நொறுக்குத்தீனிப் பைகளுக்குள் நைட்ரஜனை நிரப்புகிறது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலக்கரியை மாவாக அரைக்கிறார்கள். அது சூட்டில் இளகும் வகையாக இருந்தால் 200 டிகிரிக்குச் சற்று மேலே காற்றுப்பட வைத்து ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள். அதன்பின் தாரிலிருந்து கிடைக்கும் கீலைச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப உழக்கில் பிழிவதைப்போல அச்சு வழியாகப் பிழிந்து, இரண்டு மில்லிமீட்டர் தடிப்புக்கு உருளைக் குச்சிகளாக வெட்டுகிறார்கள். அந்தக் குச்சிகளைக் காற்றுப்படாத சுழல் உலையில் 800, 900 டிகிரி வரை சுடுகிறார்கள். தேவைப்பட்டால் நீராவியைக் கொஞ்சம் காட்டித் துளையைத் திறக்கிறார்கள். கடைசியாக, சூடான குச்சிகளின்மேல் பென்சீன் போன்ற ஹைட்ரோகார்பன் ஆவியைச் செலுத்துகிறார்கள். பென்சீன் மூலக்கூறு தடித்தது. குறுகலான துளைக்குள் போக முடியாமல் வாசலிலேயே சிதைந்து, கரியைப் படியவிட்டு, வாசலைச் சுருக்குகிறது. விலையெல்லாம் இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. சற்று மிஞ்சினால் ஆக்சிஜனுக்கும் வழி அடைபடும். சற்றுக் குறைந்தால் நைட்ரஜனும் தாராளமாகப் போகும்.

பிப்ரவரி 8

"காற்றுப்பட வைப்பது எதற்கு, நேரே சுட்டால் என்ன" என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். இதைச் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும்.

முதுகலைப் படிப்பின் ஆய்வுக்காக எனக்கு இரண்டு மூட்டைகள் தந்தார்கள்: ஒன்று ஜார்கண்டின் ஜாரியா நிலக்கரி, மற்றொன்று நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. ஜாரியா நிலக்கரி உருக்காலைகளுக்குக் கல்கரி (கோக்) செய்யும் இனம் என்பது தெரிந்திருந்தும், அதைப் பொடித்துப் பீங்கான் மூசையில் முக்கால் பங்கு நிரப்பி நேரே உலையில் வைத்தேன். 400 டிகிரியைத் தாண்டி வைத்திருந்து, ஆறியபின் திறந்தபோது மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பொடி என்று எதுவும் இல்லை. எல்லாம் உருகி, பொங்கி, மூசையின் விளிம்பைத் தாண்டி வழிந்து, வெள்ளிபோல மினுங்கும் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. உடைத்துப் பார்த்தால் பருப்பு அளவுக்குக் கொப்புளங்கள். கொப்புளச் சுவர்களோ கண்ணாடிபோல வழவழப்பு. உருக்காலைக்கு இந்தக் குணம் அருமையானது. நமக்கு வேண்டிய நுண்துளை உருகிய நிலையில் மூடிப்போய்விடுகிறது. முன்கூட்டியே குறைந்த சூட்டில் ஆக்சிஜனை ஏற்றினால் நிலக்கரியின் பெரிய மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்து, அது இளகும் தன்மையை இழக்கிறது. பின்பு எவ்வளவு சுட்டாலும் குச்சி குச்சியாகவே நிற்கும். இரண்டாம் முறை அப்படிச் செய்தேன்; நின்றது.

அதற்கடுத்து நடந்ததுதான் இந்த இழையின் முதல் கேள்விக்கு நேரான பதில். சுட்ட குச்சிகளின் உட்பரப்பை வழக்கமான முறையில், அதாவது திரவ நைட்ரஜனின் குளிரில் நைட்ரஜனை ஒட்டவைத்து அளந்தோம். கிராமுக்கு ஒற்றை இலக்கத்தில் வந்தது. சாதாரணத் துளைக்கரிக்கு ஆயிரம் வரும் கருவியில் ஒற்றை இலக்கம். மூன்று மாத உழைப்பு வீண் என்று நினைத்து இரண்டு நாள் ஆய்வகப் பக்கமே போகவில்லை. என் ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரியைப் பனிக்கட்டியின் சூட்டில், பூஜ்ஜியம் டிகிரியில், கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு அளக்க வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினார். பல நூறு சதுர மீட்டர் வந்தது. துளைகள் அங்கேயே இருந்தன. கழித்தல் 196 டிகிரிக் குளிரில் நைட்ரஜனுக்கு அந்தக் குறுகிய வாசலைக் கடக்கும் தெம்பு இல்லை. பூஜ்ஜியம் டிகிரியில் கார்பன் டை ஆக்சைடுக்கு அது இருந்தது. பரப்பு இல்லை என்று கருவி சொன்ன அதே சரக்குதான் வாயுவைப் பிரிக்கத் தகுதியான சரக்கு. உங்கள் கரியின் ஆயிரம் சதுர மீட்டரும் அதே நைட்ரஜன் முறையில் வந்த எண்தான்; நைட்ரஜன் எவ்வளவு எளிதாக உள்ளே போகிறது என்பதற்கு அதுவே சான்று.

பிப்ரவரி 9

முந்தைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. நிலக்கரியின் இந்தச் சல்லடைக் குணத்தை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின். டி.என்.ஏ.வின் எக்ஸ்கதிர்ப் படத்துக்காகவே அவரைப் பலர் அறிவார்கள். அதற்கு முன், 1942 முதல் 1946 வரை, பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுக் கழகத்தில் அவர் வேலை செய்தார். 1945இல் கேம்பிரிட்ஜில் பெற்ற முனைவர் பட்டமும் நிலக்கரி சார்ந்ததே. ஹீலியம், மெத்தனால், ஹெக்சேன், பென்சீன் என்று சிறிதும் பெரிதுமான மூலக்கூறுகளைக் கொண்டு ஒரே நிலக்கரியின் அடர்த்தியை அளந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அடர்த்தி வந்தது. சிறியது நுழையும் இடத்தில் பெரியது நுழையவில்லை என்பதுதான் காரணம். நிலக்கரிக்குள் நுண்ணிய இடுக்குகள் உண்டு, அந்த இடுக்குகளின் அகலம் நிலக்கரியின் வகையையும் அதைச் சுட்ட சூட்டையும் பொறுத்தது என்று அதிலிருந்து எடுத்துக்காட்டினார். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. எடை, கன அளவு, பொறுமை. அளவுகள் ஒத்துப்போகாததைப் பிழை என்று ஒதுக்காமல் அதையே அவர் பின்தொடர்ந்தார் என்பதை நினைக்கும்போது, ஒற்றை இலக்கத் தாளைப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குப் போகாமல் இருந்த அந்த இரண்டு நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பிப்ரவரி 13

ஒரு திருத்தம். பிப்ரவரி 4 அன்று எழுதியதை வைத்து ஒரு மாணவி சரியான கேள்வியை எழுப்பியிருக்கிறார். ஆர்கானின் விட்டம் அதே அட்டவணைகளில் 3.40 ஆங்ஸ்ட்ராம், அது ஆக்சிஜனைவிடச் சிறியது. விட்டம்தான் எல்லாம் என்றால் ஆர்கான் ஆக்சிஜனுக்கும் முந்திக்கொண்டு துளைக்குள் போக வேண்டும். ஆனால் நிலக்கரிச் சல்லடையில் ஆர்கான் மெதுவாகவே போகிறது. நைட்ரஜனோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது.

அவர் சொல்வதே சரி. 3.46, 3.64 என்ற எண்கள் மூலக்கூறை ஒரு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டவை. ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருண்டைகள் அல்ல. இரண்டு அணுக்கள் ஒட்டிய நீள்வடிவங்கள். நிலக்கரியில் துளை என்பதும் குழாய்போல வட்டமானது அல்ல. கசங்கிய கார்பன் படலங்களுக்கு இடையே உள்ள இடுக்கு. நீள்வடிவ மூலக்கூறு அந்த இடுக்கில் குறுகிய பக்கத்தை முன்வைத்து வழுக்கிக்கொண்டு போக முடியும். அந்தக் குறுகிய பக்கம் ஆக்சிஜனுக்கு 2.8 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜனுக்கு 3.0. ஒற்றை அணுவான ஆர்கான் எப்படித் திரும்பினாலும் ஒரே பருமன். அதற்குக் குறுகிய பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே முதல் குறிப்பில் விட்டங்களை எழுதிய இடத்தில், உருவத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடைமுறைப் பொருளும் உண்டு. நைட்ரஜன் இயந்திரத்தின் பலகையில் 99.9 என்று எரிந்தால், அது ஆக்சிஜன் 0.1 சதவீதம் என்பதைத்தான் சொல்கிறது. மீதி முழுவதும் நைட்ரஜன் அல்ல. அதற்குள் ஆர்கான் ஏறக்குறைய 1.2 சதவீதம் இருக்கிறது. சிப்ஸ் பைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஆர்கானும் எதனோடும் வினைபுரியாது.

பிப்ரவரி 20

நெய்வேலி பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நம்மிடம் இவ்வளவு பழுப்பு நிலக்கரி இருக்கும்போது அதில் செய்தால் என்ன என்பது நியாயமான ஆசை. செய்து பார்த்தவன் என்ற முறையில், அது ஆகாது என்றே சொல்வேன். தோண்டி எடுத்தவுடன் அதன் எடையில் பாதி தண்ணீர். காய்ந்தால் வெடித்துப் பொடியாகிறது. அது சூட்டில் இளகாது என்பதால் காற்றுப்பட வைக்கும் வேலை மிச்சம். ஆனால் சுட்ட கரியில் வாசல் அகலமாக வந்துவிடுகிறது. என் மாதிரியில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒரே வேகத்தில் போயின.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதைக் காலையில் மறுபடியும் படித்தேன். "ஆகாது" என்று முடித்தது அவசரம். என் மாதிரியில் நான் கடைசிப் படியைச் செய்யவே இல்லை. பென்சீன் ஆவியைக் கையாளும் வசதி எங்கள் ஆய்வகத்தில் கிடையாது. வாசல் அகலமாக வந்தால் சுருக்கத்தான் அந்தப் படி இருக்கிறது. சுருக்காமல் விட்டுவிட்டு, அகலமாக இருக்கிறது என்று பழுப்பு நிலக்கரியின்மேல் பழி போடுவது முறையாகாது.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரியில் கால்சியம் போன்ற தாதுக்கள் கரிமப் பொருளோடு பிணைந்தே இருக்கின்றன. நீராவி காட்டும்போது அந்தத் தாது இருக்கும் இடத்தில் கரி வேகமாக அரிக்கப்பட்டுத் துளை பெரிதாகிறது, இல்லாத இடத்தில் சிறிதாகவே நிற்கிறது. ஒரே குச்சிக்குள் பல அளவு வாசல்கள் வந்தால் அவற்றை ஒரே ஆவியால் ஒரே நேரத்தில் சுருக்கிச் சரிக்கட்ட முடியாது. பெரிய வாசல் சரியான அளவுக்கு வரும்போது சிறிய வாசல் அடைபட்டுப்போயிருக்கும். அமிலத்தில் கழுவித் தாதுக்களை எடுத்துவிட்டுத் தொடங்கினால் நிலைமை மேம்படும். அந்தக் கழுவலின் செலவும் கழிவுநீரும் சேர்ந்தபின் கணக்கு எப்படி வரும் என்பதை ஆலைக்காரர்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

வயதானவர்களுக்கு லெக்கோ கரி நினைவிருக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை அச்சுக்கட்டியாக்கிச் சுட்டு அடுப்புக்கு விற்றார்கள்; எங்கள் வீட்டு இரும்பு அடுப்பில் அது புகையில்லாமல் எரிந்தது. அரைத்து, அழுத்தி, காற்றுப்படாமல் சுடுவது என்ற முதல் பாதிக் கைப்பழக்கம் நம் ஊரில் தொழில் அளவிலேயே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மார்ச் 2

சல்லடையைச் செய்வதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அது எப்படிச் சாகிறது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் வாசல் எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்த ஓர் இயந்திரத்தில் நைட்ரஜனின் தூய்மை மூன்று வாரத்தில் 99.5இலிருந்து 97க்கு இறங்கியது. வால்வுகளை மாற்றினோம், நேரத்தைக் குறைத்தோம், தூய்மையை அளக்கும் அனலைசரையே சந்தேகப்பட்டோம். கடைசியில் டவரைத் திறந்தோம். மேல்மூடியைக் கழற்றியதும் முதலில் தெரிவது தேங்காய் நார் விரிப்பு. குச்சிகள் அழுத்தத்தில் துள்ளாமல் இருக்க மேலே நாரைத் திணித்து மூடுவது இந்தத் தொழிலில் வழக்கம். நார் காய்ந்து சுத்தமாகத்தான் இருந்தது. குச்சிகளும் மேல்பாதியில் மங்கலான சாம்பல் கறுப்பாக, சரியாக இருந்தன. காற்று நுழையும் அடிப்பக்கத்துக்கு இறங்க இறங்க நிறம் மாறியது. அடியில் இருந்த குச்சிகள் எண்ணெய் தடவிய எள்ளைப்போலப் பளபளத்தன. இரண்டு விரலால் நசுக்கினால் விரலில் பிசுக்கு ஒட்டியது. கம்ப்ரசரின் எண்ணெய் ஃபில்டரைக் கடந்து வந்திருக்கிறது. ஃபில்டரை மாற்ற வேண்டிய நாள் கடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது; அந்தப் பட்டியலில் கையெழுத்திட வேண்டியவன் நான்.

ஒரு குச்சியின் எடையில் எண்ணெய் எத்தனை பங்கு இருந்திருக்கும்? மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நைட்ரஜனையே திணற வைக்கும் வாசலில் எண்ணெயின் நீண்ட மூலக்கூறு ஒன்று வந்து படுத்துவிட்டால், உள்ளே இருக்கும் அறை முழுவதும் காலியாக இருந்தும் பயன்படாது. வீட்டுத் தண்ணீர் வடிகட்டியின் துளைக்கரி இதைவிடப் பல மடங்கு அழுக்கைத் தாங்கும். சூடாக்கிக் காப்பாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். முயன்றோம், தூய்மை 98ஐத் தாண்டவில்லை. முழுவதையும் மாற்றினோம்.

காங்கேயத்துக்காரருக்கு: உங்கள் ஊர் தேங்காய் ஏற்கெனவே அந்த டவருக்குள் இருக்கிறது, நார் உருவத்தில். கரி உருவத்திலும் போக வழி இல்லாமல் இல்லை. ஜப்பானில் தேங்காய்த் தொட்டியிலிருந்தே இந்தச் சல்லடையைச் செய்கிறார்கள். அதில் துளை இயல்பிலேயே நுண்ணியது. ஆனால் அவர்களும் வாசலைச் சுருக்கித்தான் விற்கிறார்கள்.

மார்ச் 3

"அதே டவரில் ஆக்சிஜன் எடுக்க முடியுமா" என்பதற்கு: முடியும், சரக்கை மாற்றினால். 2021 ஏப்ரல், மே மாதங்களில் மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, ஆலைகளில் இருந்த நைட்ரஜன் இயந்திரங்களை ஆக்சிஜனுக்கு மாற்றும் வழியை மும்பை ஐ.ஐ.டி. செய்து காட்டியது; நிலக்கரிச் சல்லடையை எடுத்துவிட்டு ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தை நிரப்பியதும், 3.5 வளிமண்டல அழுத்தத்தில் 93 முதல் 96 சதவீதம் தூய்மையில் ஆக்சிஜன் கிடைத்தது. அந்த மே மாதத்தில் நாங்களும் ஓர் இயந்திரத்தை அப்படி மாற்றினோம். இரவு முழுவதும் டவரைக் காலிசெய்து, உட்சுவரைத் துடைத்துத் துடைத்துக் கரித்தூள் ஒட்டாத வெள்ளைத் துணி வரும்வரை நிற்கவில்லை. ஆக்சிஜன் ஓடப்போகும் இடத்தில் கரித்தூளோ எண்ணெயோ இருக்கவே கூடாது.

ஜியோலைட் வாசலால் பிரிப்பதில்லை. அதன் கூடுகளுக்குள் இருக்கும் உலோக அயனிகள் நைட்ரஜனை ஆக்சிஜனைவிட அதிகமாக ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் நைட்ரஜன்தான் அதிகம் ஒட்டும். நிலக்கரிச் சல்லடை ஓட்டப் பந்தயம் நடத்துகிறது, ஜியோலைட் விருப்பத்தைக் கேட்கிறது. பிப்ரவரி 13 அன்று சொன்ன ஆர்கான் இங்கே ஆக்சிஜனோடு வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த முறையில் ஆக்சிஜனின் தூய்மை 95ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. ஒன்றில் நைட்ரஜனோடும் மற்றொன்றில் ஆக்சிஜனோடும் போகும் இந்த வாயுவை அன்றிரவு அனலைசர் முன் நின்றபோதுதான் மனதார உணர்ந்தேன். எண் 94இல் ஏறி நின்றதும், அதற்குமேல் ஏறாதது எங்கள் தவறில்லை என்று தெரிந்திருந்தது பெரிய ஆறுதலாக இருந்தது.

மார்ச் 10

வீட்டுக்குப் பின்னால் டிரம் உலை வைத்துப் பென்சீன் ஆவியைச் செலுத்திப் பார்க்கப் போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். செய்யாதீர்கள். பென்சீன் இரத்தப் புற்றுநோயைத் தரும் பொருள், ஆவி தீப்பிடிக்கும், 700 டிகிரி உலைக்குள் கசிந்த காற்றோடு சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனும் அப்படியே: மணமில்லை, மூச்சு முட்டும் உணர்வும் வராது, மூடிய அறையில் கசிந்தால் ஆள் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவார். டவருக்குள் இறங்குவதற்கு முன் ஆக்சிஜன் அளவைப் பார்க்காத ஆளை நான் வேலைக்குச் சேர்ப்பதில்லை.

ஏப்ரல் 14

சாண எரிவாயுவை இதே முறையில் பிரிக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: அங்கே பிரிக்க வேண்டியது மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும். அட்டவணைப்படி மீத்தேன் 3.8 ஆங்ஸ்ட்ராம், கார்பன் டை ஆக்சைடு 3.3. இடைவெளி பெரிது, வாசலை அவ்வளவு நுணுக்கமாக இறுக்க வேண்டியதில்லை, இரண்டின் ஒட்டும் தன்மையும் வேறுபடுவதால் வேலை இன்னும் எளிது. தொட்டிக்கரியில் தொடங்க நினைப்பவர் நைட்ரஜனுக்கு முன் இதில் கைவைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் சாண எரிவாயுவின் ஹைட்ரஜன் சல்ஃபைடை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மார்ச் 2 அன்று எழுதிய எண்ணெயின் கதைதான்.

ஜூன் 23

காங்கேயத்திலிருந்து இரண்டு பொட்டலங்கள் வந்தன. முதலாவது அவர்களுடைய வழக்கமான துளைக்கரி. இரண்டாவது, நீராவி காட்டாமல் சுட்டு, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முறையான பாதுகாப்போடு வாசல் சுருக்கிய குச்சிகள். என்னிடம் பெரிய கருவி இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு சிறிய எஃகுக் குடுவைகள், ஒரு வெற்றிடப் பம்பு, அழுத்தமானி, கைக்கடிகாரம். குடுவையில் நூறு கிராம் சரக்கைப் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு பார் அழுத்தத்துக்கு வாயுவை விட்டு வால்வை மூடி, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாயு துளைக்குள் போகப் போக அழுத்தம் குறையும்.

முதல் பொட்டலத்தில் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் முள் சட்டென்று ஒரே இடத்துக்கு இறங்கி நின்றது. எழுதிக்கொள்ளக்கூட நேரமில்லை. இரண்டாவதில் ஆக்சிஜனை விட்டபோது முள் அரை நிமிடத்துக்குள் இறங்கி முடித்தது. நைட்ரஜனை விட்டேன். முள் தயங்கியது. ஒரு நிமிடம் கழித்தும் பாதி வழியைத் தாண்டவில்லை; தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஆக்சிஜன் நின்ற இடத்துக்கு ஏறக்குறைய வந்திருந்தது. வேறு பிடி குச்சிகளை எடுத்து மறுபடியும் செய்தேன். இந்த முறை நைட்ரஜன் முன்னைவிட வேகமாக இறங்கியது. மூன்றாம் பிடியில் ஆக்சிஜனே திணறியது.

ஆக வாசல் சுருங்கியிருக்கிறது, ஆனால் எல்லாக் குச்சிகளிலும் ஒரே மாதிரி இல்லை. உலையில் எந்தக் குச்சி எங்கே கிடந்தது என்பதைப் பொறுத்து ஆவி கூடவும் குறையவும் பட்டிருக்கும். டவரில் ஒரு பிடி பழுதானாலும் அந்த வழியாக ஆக்சிஜன் தப்பிவிடும். அடுத்த முறை தட்டில் பரப்பாமல் சுழலும் உருளையில் சுடச் சொல்லியிருக்கிறேன்; உருளையின் வாய், நடு, கடை என்று மூன்று இடங்களிலிருந்தும் தனித்தனிப் பொட்டலம் அனுப்பும்படியும் கேட்டிருக்கிறேன்.